கணிப்பொறி வாங்குமுன் அளந்து பாருங்கள்

(இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு)

நம் ஊர்ப் பூச்சந்தைக்கு விடியற்காலையில் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும். சாக்கில் வந்து இறங்கும் மல்லிகை எடை போட்டு விற்கப்படுகிறது. அதே மல்லிகை தொடுத்துச் சரமான பின்பு முழம் போட்டு விற்கப்படுகிறது. எடையும் முழமும் பார்க்காமல் ஒருவரும் பூ வாங்குவதில்லை. ஆனால், ஒரு பருவத்துப் பூப்பணம் முழுவதையும் கொடுத்து, ஓர் அளவும் பார்க்காமல் ஒரு பொருளை வாங்கி வந்த குடும்பம் இவ்வட்டாரத்தில் உண்டு. அது எங்கள் குடும்பமே. அவ்வாறு வாங்கி ஏமாந்த அனுபவத்தையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் என் தோழியருக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாங்கள் செய்த தவறு

தமிழ்நாடு அரசு 2011ஆம் ஆண்டு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வாயிலாகவே எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்குள் கணிப்பொறி முதன்முதலாக நுழைந்தது. நான் முதலில் தொட்ட கணிப்பொறியும் அத்தை மகளுக்குப் பள்ளியில் கிடைத்த அந்த மடிக்கணினிதான். அதில் பாகங்களைப் பற்றி யாரும் சிந்திக்க வேண்டியதில்லை. மூடியைத் திறந்தால் வேலை செய்யும். எனவே, கணிப்பொறி என்றால் கடையில் கேட்டு வாங்கி வந்து சுவிட்சைப் போட வேண்டியதுதான் என்று நான் எண்ணியிருந்தேன்.

மார்கழி, தை மாதங்களில் பனியால் பூ வரத்துக் குறைந்து விலை ஏறும். அப்போது அப்பா சேர்த்ததும், அம்மா பூத்தொடுத்துச் சேர்த்ததுமாக 23,000 ரூபாய் இருந்தது. எனக்கு நிரல் எழுதிப் பழக ஒரு கணிப்பொறி வேண்டும். தம்பிக்கு விளையாட வேண்டும். ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துவிட்ட ஒல்லியான கணிப்பொறி ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினோம். அதில் விளையாட்டு ஓடுவதற்காக 14,000 ரூபாய்க்குப் பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வேறொரு கடையில் வாங்கினோம். அது ‘ரேடியான் ஆர்.எக்ஸ். 6600’ என்னும் வகை. நல்ல கார்டுதான். குறை அதில் இல்லை.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது கார்டு உள்ளே இறங்கவில்லை. கணிப்பொறியின் அகலம் சுமார் 9 சென்டிமீட்டர். கார்டின் தகடோ 12 சென்டிமீட்டர். மூடியைக் கழற்றிவிட்டு வெளியே நீட்டியபடி வைக்கலாம் என்றான் தம்பி. அதுவும் நடக்கவில்லை. அந்தக் கார்டுக்கு எட்டு முனை கொண்ட தனி மின்கம்பி வேண்டும். அந்த ஒல்லிப் பெட்டியில் அப்படி ஒரு கம்பியே இல்லை. கடைக்காரர், “பிரித்த பொருளைத் திருப்பி எடுப்பதில்லை” என்று கூறிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை. நாங்கள் கேட்டதைத்தான் கொடுத்தார்.

அன்று இரவு அம்மா திட்டவில்லை. “ஏம்மா, பூவக்கூட முழம் போட்டுத்தான் விக்கிறோம். இத அளந்து பாக்கலையா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கார்டு அடுத்த தை வரை பரண்மேல் கிடந்தது. அந்த ஓராண்டில் நான் அளக்கக் கற்றுக்கொண்டவற்றை இனி வரிசையாகக் கூறுகிறேன்.

முதலில் நோக்கம்

“விரலுக்கேற்ற வீக்கம்” என்பது பழமொழி. எதற்காக வாங்குகிறோம், எவ்வளவு பணம் இருக்கிறது என்னும் இரண்டையும் தாளில் எழுதிவிட வேண்டும். எந்த விளையாட்டு என்று பெயரோடு எழுதுவது நலம். ஒவ்வொரு விளையாட்டையும் வெளியிடுவோர் அதற்குத் தேவையான பிராசசர், ரேம், கிராபிக்ஸ் கார்டு ஆகியவற்றைக் குறிப்பிட்டே வெளியிடுகின்றனர். ‘வாலரன்ட்’ போன்ற விளையாட்டுக்கு எளிய கணிப்பொறியே போதும். பெரிய உலகத்தையே திரையில் காட்டும் விளையாட்டுகளுக்கு அது போதாது.

விளையாட்டு என்றதும் நம் பெற்றோர் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளால் குடும்பங்கள் சீரழிந்ததை அவர்கள் அறிவர். அத்தகைய ஆட்டங்களைத் தடை செய்ய 2025ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. நான் கூறும் விளையாட்டு அதுவன்று. மேலும், விளையாட்டை நன்றாக ஓட்டும் கணிப்பொறி நிரல் எழுதவும், படம் வரையவும், காணொளி தொகுக்கவும் நன்றாகவே பயன்படும். ஒரே செலவில் அக்காவுக்கும் தம்பிக்கும் ஆகிறது.

கேபினெட்டும் மதர்போர்டும்

பாகங்களைத் தாங்கும் பலகை மதர்போர்டு. அதை உள்ளடக்கும் பெட்டி கேபினெட். மதர்போர்டின் அளவுகளை உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட சில வகைகளாகப் பிரித்துள்ளனர். இன்டெல் நிறுவனம் 1995இல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவு 305 மில்லிமீட்டருக்கு 244 மில்லிமீட்டர். 1997இல் வந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ். அதிக அளவாக 244க்கு 244. தைவான் நாட்டு வியா நிறுவனம் 2001இல் கொண்டுவந்த மினி ஐ.டி.எக்ஸ். 170க்கு 170.

இப்பொது அளவுகளின் பயன் பெரிது. தைவான் நிறுவனத்தின் மதர்போர்டைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, திண்டுக்கல்லில் வாங்கிய கேபினெட்டில் வைத்தால் திருகுத் துளைகள் சரியாகப் பொருந்துகின்றன அல்லவா? இருவரும் ஒரே அளவைப் பின்பற்றுவதே காரணம். அலுவலகங்களுக்கென்று செய்யப்படும் ஒல்லிக் கணிப்பொறிகள் பல இவ்வளவுகளைப் பின்பற்றுவதில்லை. அவற்றின் மதர்போர்டும் மின்பெட்டியும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் இருக்கும். வெளியில் வாங்கும் பாகம் அதில் சேராது. நாங்கள் இடறி விழுந்த இடம் இதுதான்.

சிறிய கணிப்பொறி என்றால் மினி ஐ.டி.எக்ஸ்.தான் என்று எண்ணி விடக்கூடாது. பொருள் சிறுத்தால் விலை குறையும் என்பது இங்கே பொருந்தாது. அச்சிறு பலகையும், அதற்கேற்ற சிறிய மின்பெட்டியும் பெரும்பாலும் விலை கூடியவை. ரேம் செருக அதில் இரண்டு இடங்களே பொதுவாக இருக்கும். கார்டு செருக ஒரே இடந்தான். பணம் குறைவாக உள்ளவர்களுக்கு மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகையும் அதற்கான சிறிய கேபினெட்டுமே ஏற்றவை. எங்கள் வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் இடையே ஓர் அடி இடைவெளி. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள கேபினெட் அதில் அமைந்துவிட்டது, காற்றுக்கும் இடமிருந்தது. அதைவிடச் சிறியது எங்களுக்குத் தேவைப்படவில்லை.

பிராசசரும் சாக்கெட்டும்

மதர்போர்டில் பிராசசர் அமரும் இடம் சாக்கெட். பூட்டுக்கேற்ற சாவி போல, ஒரு சாக்கெட்டில் அதற்குரிய பிராசசரே அமரும். ஏ.எம்.டி. நிறுவனம் 2016இல் கொண்டுவந்த ஏ.எம். 4 சாக்கெட்டில் 1331 துளைகள். ஊசிகள் பிராசசரில் இருக்கும். 2022இல் வந்த ஏ.எம். 5இல் 1718 தொடுமுனைகள். இவை சாக்கெட்டிலேயே இருக்கும். இன்டெல் 2021இல் வெளியிட்ட எல்.ஜி.ஏ. 1700 வேறு, 2024இல் வெளியிட்ட எல்.ஜி.ஏ. 1851 வேறு. ஒன்றை மற்றொன்றில் வைக்க முயன்றால் ஊசி வளைந்துவிடும், பணமும் போய்விடும்.

சாக்கெட் ஒத்துப்போனாலும் இன்னொன்றைக் கேட்க வேண்டும். மதர்போர்டில் ‘பயாஸ்’ என்னும் அடிப்படை நிரல் உண்டு. 2018இல் வந்த பி 450 வகை மதர்போர்டுக்கு, 2022இல் வந்த ரைசன் 5 5500 பிராசசரைப் பிறந்தபோதே தெரிந்திருக்க வழியில்லை. பயாஸைப் புதுப்பித்தால்தான் அறிந்துகொள்ளும். கடையிலேயே புதுப்பித்துத் தரச் சொல்வது நலம்.

பெயரின் கடைசி எழுத்தையும் கவனிக்க வேண்டும். இன்டெல் பிராசசரில் ‘எஃப்’ என்று முடிந்தால் படம் காட்டும் திறன் அதனுள் இல்லை என்று பொருள். தனிக் கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டும். ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600ஜி போல ‘ஜி’ என்று முடிந்தால் ஓரளவு நல்ல கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. கையில் பணம் மிகக் குறைவு என்றால் ‘ஜி’ வகையை வாங்கி எளிய விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருந்துவிட்டு, பின்னால் பணம் சேர்ந்ததும் கார்டு போட்டுக்கொள்ளலாம். புதிதாகத் தொடங்கும் தோழியருக்கு நான் கூறும் வழி இதுவே.

ரேம்

டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 ஆகிய இரண்டிலும் 288 தொடுமுனைகளே. பார்வைக்கு இரண்டும் உடன்பிறந்தவை போலிருக்கும். ஆயினும், நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று இறங்காது. ஏ.எம். 4 சாக்கெட்டுக்கு டி.டி.ஆர். 4, ஏ.எம். 5க்கு டி.டி.ஆர். 5. எல்.ஜி.ஏ. 1700இல் மதர்போர்டைப் பொறுத்து இரண்டில் ஏதேனும் ஒன்று. மடிக்கணினி ரேம் நீளத்தில் குட்டையானது. அது பொதுவாக மேசைக் கணிப்பொறியில் சேராது.

16 ஜிகாபைட் வேண்டுமானால் ஒரே துண்டாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு துண்டு வாங்குவது சிறப்பு. டி.டி.ஆர். 4 3200 வகை ரேம் ஒன்று ஒரு நொடியில் 25.6 ஜிகாபைட் தகவலைக் கடத்தும். இரண்டு வழிகளிலும் ஒவ்வொன்று இருந்தால் 51.2. ஒரே கிணற்றுக்கு இரண்டு கவலை பூட்டி இறைப்பது போன்றது இது. பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ‘ஜி’ வகைக்கு இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும்.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாங்கிக் குவித்ததால் உலகெங்கும் ரேம் விலை விரைந்து ஏறியது. எங்கோ நடப்பது நம் வீட்டு வரவு செலவைத் தொடுவதை அப்போது உணர்ந்தேன். ஆகவே, நல்ல பழைய ரேம் கையிலிருந்தால் அதற்கேற்ற மதர்போர்டைத் தேடுவதும் அறிவுடைமையே.

கிராபிக்ஸ் கார்டு

இதில் அளக்க வேண்டியவை நான்கு. நீளம், உயரம், தடிமன், மின்தேவை. கேபினெட் செய்வோர் எத்தனை மில்லிமீட்டர் நீளம் வரை கார்டு கொள்ளும் என்று குறிப்பிடுகின்றனர். கார்டின் நீளம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். தடிமனான கார்டு இரண்டு இடங்களை அடைத்துக்கொள்ளும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மதர்போர்டிலுள்ள செருகுவாய் அதிக அளவாக 75 வாட் மின்சாரமே தரும். அதற்கு மேல் தேவைப்படும் கார்டுக்குத் தனிக்கம்பி வேண்டும். ஆறு முனைக் கம்பி 75 வாட்டும், எட்டு முனைக் கம்பி 150 வாட்டும் தரவல்லவை. எங்கள் கார்டுக்குத் தேவை 132 வாட். செருகுவாய் மட்டும் அதற்கு எப்படிப் போதும்? இந்த ஒரு கழித்தல் கணக்கைக் கடைக்குப் போகுமுன் போட்டிருந்தால் அந்த இரவு அம்மா அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

ஒல்லிக் கணிப்பொறி ஏற்கெனவே வைத்திருப்போர் மனம் தளர வேண்டாம். அதற்கென்றே உயரம் குறைந்த கார்டுகள் உண்டு. ஜி.டி.எக்ஸ். 1650, ஆர்.எக்ஸ். 6400, ஆர்.டி.எக்ஸ். 3050 (6 ஜிகாபைட்) ஆகியவற்றில் குட்டை வடிவங்கள் வந்துள்ளன. தனிக்கம்பி கேட்காததைத் தேர்ந்து கேட்டு வாங்க வேண்டும். அப்போதும் அந்தக் கணிப்பொறியின் மின்பெட்டி எத்தனை வாட் என்று பார்க்காமல் வாங்கலாகாது. மேலும், விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. கழித்துக் கட்டிய அலுவலகக் கணிப்பொறியின் பிராசசர் விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்றும் கேட்க வேண்டும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை.

எஸ்.எம்.பி.எஸ்.

வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட் எனக் குறைத்து நேர்மின்சாரமாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். பலர் இதில்தான் சிக்கனம் பிடிக்கின்றனர். இது பழுதானால் பிற பாகங்களையும் தன்னோடு கொண்டுபோய்விடக்கூடும். ஆதலால், பெயர் தெரியாத மலிவுப் பெட்டியைத் தவிர்ப்பது நலம்.

கணக்கு எளிது. பிராசசர் 65 வாட் என்று எழுதியிருந்தாலும் உச்ச வேலையில் சற்றுக் கூடுதலாக எடுக்கும்; 90 என்று வைத்துக்கொள்வோம். கார்டு 132. மதர்போர்டு, ரேம், விசிறி, எஸ்.எஸ்.டி. எல்லாம் சேர்த்து 50. கூட்டினால் 272 வாட். கார்டு நொடிப்பொழுதில் மின்சாரத்தைத் திடீரென இழுக்கும் என்பதால் கொஞ்சம் தாராளம் வேண்டும். 450 வாட் பெட்டி போதுமானது. 750 வாட் வாங்குவது வீண்செலவு. யு.பி.எஸ். வாங்குவோரும் இதே கணக்கைப் பார்க்க வேண்டும். 600 வி.ஏ. என்று எழுதிய யு.பி.எஸ்.கள் பலவற்றின் தாங்குதிறன் 360 வாட் அளவே.

வாட் மட்டுமன்றி வடிவமும் பொருந்த வேண்டும். சிறிய கேபினெட்டுகளில் சில, வழக்கமான ஏ.டி.எக்ஸ். பெட்டியை ஏற்கும், சில எஸ்.எஃப்.எக்ஸ். என்னும் சிறு பெட்டியை மட்டுமே ஏற்கும்.

வெப்பமும் புழுதியும்

நம் சமவெளியின் சித்திரை வெயிலைப் பற்றி நான் கூற வேண்டியதில்லை. வெளிநாட்டுக் குளிரறையில் அளந்து சொன்ன வெப்பநிலை நம் தகரக்கூரை வீட்டுக்குப் பொருந்தாது. அறையின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் உள்ளே பாகங்களின் வெப்பமும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். சூடு மிகுந்தால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஆகவே, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட அழகுப் பெட்டியைவிட, சல்லடைத் துளைகள் உள்ள பெட்டியே நமக்கு ஏற்றது. முன்னே ஒரு விசிறி காற்றை உள்ளிழுக்க, பின்னே ஒரு விசிறி வெளியேற்ற வேண்டும். பிராசசர் மேல் வைக்கும் கூலரின் உயரம் கேபினெட்டின் அகலத்துக்குள் அடங்குகிறதா என்றும் அளக்க வேண்டும். மாதம் ஒருமுறை புழுதி தட்டுவது கட்டாயம்.

பரண்மேல் இருந்தது இறங்கிய கதை

அடுத்த தை மாதம் மீண்டும் பணம் சேர்ந்தது. இம்முறை கார்டுக்கேற்ற கணிப்பொறியைத் தேடினோம். அம்மாவின் தையல் டேப்பால் கார்டை அளந்து, நீளம், உயரம், தடிமன், மின்முனை ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு நானும் தம்பியும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். ரைசன் 5 5500 பிராசசர், அதற்கேற்ற ஏ 520 வகை மைக்ரோ ஏ.டி.எக்ஸ். மதர்போர்டு, 450 வாட் எஸ்.எம்.பி.எஸ்., சல்லடை முகப்புள்ள சிறு கேபினெட் ஆகியவை சுமார் 17,000 ரூபாய்க்குள் அடங்கின. கூலர் பிராசசருடனேயே வந்தது. ஒல்லிக் கணிப்பொறியில் இருந்த எட்டு ஜிகாபைட் டி.டி.ஆர். 4 ரேம் இரண்டும், எஸ்.எஸ்.டி.யும் புதியதில் அப்படியே பொருந்தின. அவற்றை மட்டும் புதிதாக வாங்க நேர்ந்திருந்தால் அந்த ஆண்டும் கார்டு பரணிலேயே இருந்திருக்கும்.

எல்லாம் பூட்டிச் சுவிட்சைப் போட்டோம். விசிறி சுற்றியது, திரை இருண்டே கிடந்தது. தம்பியின் முகம் வாடிவிட்டது. என் நெஞ்சும் அடித்துக்கொண்டது. பிறகுதான் நினைவு வந்தது. ரைசன் 5 5500இல் படம் காட்டும் திறன் இல்லை. திரையின் கம்பியை மதர்போர்டில் அல்லவா செருகியிருக்கிறேன்! கழற்றிக் கார்டில் செருகியதும் எழுத்துகள் தோன்றின. “அக்கா, வந்துருச்சு!” என்று தம்பி கத்தியதில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தனர்.

இப்போது மாலையில் இரண்டு மணி நேரம் தம்பி விளையாடுகிறான். அவன் எழுந்தபின் நான் நிரல் எழுதுகிறேன். 

கடைக்குச் செல்லுமுன்

தோழியர் தாளில் எழுதிச் செல்ல வேண்டியவை இவை:

1. எந்த வேலை, எந்த விளையாட்டு, எவ்வளவு பணம்.
2. மதர்போர்டின் அளவைக் கேபினெட் ஏற்குமா.
3. பிராசசரும் சாக்கெட்டும் ஒன்றா, பயாஸ் புதியதா.
4. ரேம் நான்கா, ஐந்தா, இரண்டு துண்டா.
5. கார்டின் நீளம், உயரம், தடிமன்; எத்தனை முனைக் கம்பி.
6. மொத்த வாட் எவ்வளவு, எஸ்.எம்.பி.எஸ். வடிவம் எது.
7. கூலர் உயரம்; காற்றுவழி.
8. ஜி.எஸ்.டி. பில், உத்தரவாதக் காலம், பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்பது.

எட்டாவதைப் பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டும். கொடுத்த பின் கேட்டுப் பயனில்லை.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லை என்று பல நேரம் நான் குறைப்பட்டதுண்டு. ஆனால் இதில் எனக்குத் தேவைப்பட்ட முதல் பாடம் அம்மாவிடமே இருந்தது. அவருக்குச் சாக்கெட்டும் தெரியாது, வாட்டும் தெரியாது. அளக்காமல் வாங்கக்கூடாது என்பது தெரியும். முழம் போட்டுப் பூ வாங்கும் ஊர் நம்முடையது. கணிப்பொறியையும் அவ்வாறே வாங்குவோம்.